உஸ்பெக் கற்கும் தமிழருக்கு: வேற்றுமை எளிது, உடைமை விகுதியில்தான் வேலை

துருக்கிய மொழிக் குடும்பத்தில் ஏதாவது ஒன்றைக் கற்கப்போகும் தமிழருக்கு எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்: "தமிழ் மாதிரியே ஒட்டிக்கொண்டு போகும் மொழி, பயப்படாதே." அது பாதிதான் உண்மை. வேற்றுமை உருபுகளில் தமிழருக்குப் பெரிய சிரமம் இல்லை. ‘எனக்குத் தேநீர் வேண்டும்’ என்று நினைக்கும் மனம் அதே வடிவில் உஸ்பெக்கிலும் பேசிவிடலாம். ஆனால் உடைமை விகுதி என்று ஒன்று இருக்கிறது: ஒரு பொருள் யாருடையது என்பதைக் காட்ட அந்தப் பெயர்ச்சொல்லின் கடைசியிலேயே ஒட்டுவது. இன்றைய தமிழில் அதற்கு இணை கிடையாது. புதிதாகக் கற்பவர்கள் வேற்றுமைப் பட்டியலை மனப்பாடம் செய்து களைத்துவிட்டு இதை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். நேரத்தை மாற்றிச் செலவிடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் உஸ்பெக்? துருக்கி, கசாக், கிர்கிஸ் போன்ற உறவு மொழிகளில் சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறும். ‘இல்’ என்ற ஒரே பொருளுக்குத் துருக்கியில் தா, தே, த்தா, த்தே என்று நான்கு வடிவங்கள். எழுதப்படும் உஸ்பெக்கில் ஒன்றே ஒன்று: தா. இன்றைய பொது உஸ்பெக் தாஷ்கண்ட், ஃபெர்கானா பகுதிகளின் நகரப் பேச்சை ஒட்டி அமைந்தது. அங்கே இந்த உயிர் இசைவு முன்பே மங்கிவிட்டது. 1934இல் அன்றைய லத்தீன் எழுத்துமுறையைத் திருத்தியபோது எழுத்திலிருந்தும் அதை நீக்கினார்கள். ஆகவே துருக்கிய மொழிகளின் சொற்புணர்ச்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நேரான வாசல் இல்லை. இதைக் கற்றபின் துருக்கிக்கோ கசாக்குக்கோ போனால் அங்கே புதிதாகச் சமாளிக்க வேண்டியது பெரும்பாலும் உயிர் மாற்றங்களைத்தான்.

உஸ்பெகிஸ்தானில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்கள் ஏராளம். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுவது ஆங்கிலத்தில் அல்ல. (சமர்கண்டிலும் புகாராவிலும் பலர் வீட்டில் தாஜிக் பேசுவார்கள். உஸ்பெக் அவர்களுக்கும் புரியும்.)

முதலில் எழுத்து

உஸ்பெகிஸ்தானில் இரண்டு எழுத்துமுறைகள் உலவுகின்றன. 1940 முதல் சிரிலிக், அதாவது ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்து. 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் லத்தீன். பள்ளிப் பாடமும் பெரும்பாலான பெயர்ப்பலகைகளும் லத்தீனில். லத்தீனைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இங்கே எடுத்துக்காட்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வழக்கமான தமிழ் வாசிப்பு முறையே போதும். ஒற்றையாக நடுவில் வரும் க, த, ப மென்மையாக ஒலிக்கும், இரட்டித்தால் வன்மை. உருபுகளான கா, தா, தன் எங்கே வந்தாலும் தங்கத்தின் ‘க’, பந்தத்தின் ‘த’. பிஸ், போர், பெரிங் போன்ற சொற்களின் முதலெழுத்து ‘பாரதி’யின் ப, பணத்தைக் குறிக்கும் ‘புல்’ மட்டும் தமிழ்ப் புல் மாதிரியே. ‘ஓ’ என்று நான் எழுதும் இடங்களில் பெரும்பாலும் உண்மையான ஒலி ஆவுக்கும் ஓவுக்கும் நடுவே இருக்கும். ‘ஸ’ சில இடங்களில் அதிர்வோடு ஒலிக்கும். அதை ஒலிப்பதிவில் கேட்டுப் பழகுவதே வழி. விகுதிகளைப் பிரித்துக்காட்ட இடையில் கோடு போட்டிருக்கிறேன். எழுதும்போது அந்தக் கோடு கிடையாது.

உருபுகள்: ஐந்தே ஐந்து

உஸ்பெக் இலக்கணம் ஆறு வேற்றுமை என்கிறது. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. ஆக மனத்தில் வைக்க வேண்டியவை ஐந்து. ‘கித்தோப்’ என்றால் புத்தகம்.

கித்தோப்-னி: புத்தகத்தை
கித்தோப்-னிங்: புத்தகத்தின்
கித்தோப்-கா: புத்தகத்துக்கு
கித்தோப்-தா: புத்தகத்தில்
கித்தோப்-தன்: புத்தகத்திலிருந்து

தமிழில் மரம் ‘மரத்து’ ஆகி, வீடு ‘வீட்டு’ ஆகி, அதன்பின்தான் உருபு ஏறும். உஸ்பெக்கில் அந்தத் தொல்லை இல்லை. பெயர்ச்சொல் அசையாமல் நிற்கும். ‘உய்’ என்றால் வீடு: உய்-னி, உய்-னிங், உய்-கா, உய்-தா, உய்-தன். அவ்வளவுதான்.

எழுத்தில் மாறுவது ‘கா’ ஒன்றே. ககரத்தில் முடியும் சொல்லோடு சேரும்போது வன்மையாகி இரட்டித்து ஒலிக்கும்: எஷிக் (கதவு), எஷிக்கா, கிஷ்லோக் (கிராமம்), கிஷ்லோக்கா.

தமிழின் மூன்றாம் வேற்றுமைக்கு உருபு இல்லை. ‘பிலன்’ என்ற தனிச்சொல் ஆல், ஓடு இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. கோஷிக் பிலன் என்றால் கரண்டியால். அக்காம் பிலன் என்றால் என் அண்ணனோடு. (ஆம், உஸ்பெக்கில் ‘அக்கா’ அண்ணன். தாஷ்கண்டில் டாக்சி ஓட்டும் மீசைக்காரரை எல்லோரும் ‘அக்கா’ என்று அழைப்பதைக் கேட்டு முதல் வாரம் சிரிக்காமல் இருப்பது கடினம்.) ‘ஆக’ என்பதற்கு ‘உச்சுன்’: ஸிஸ் உச்சுன், உங்களுக்காக. எட்டாம் வேற்றுமைக்கு எதுவும் வேண்டாம்; பெயரைச் சொல்லி அழைத்தால் போதும்.

மூவிடப் பெயர்களில் கொஞ்சம் கவனம் தேவை. மென் (நான்), ஸென் (நீ) இரண்டும் னி, னிங் சேரும்போது ஒரு ன் குறையும்: மெனி (என்னை), மெனிங் (என்). மற்றவை நேரானவை: மெங்கா (எனக்கு), மெந்தா (என்னிடம்), மெந்தன் (என்னிடமிருந்து). ‘உ’ என்றால் அவன், அவள், அது மூன்றும். பால் வேறுபாடே இல்லை. அதற்கும் ‘பு’ (இது) என்பதற்கும் கா, தா, தன் சேரும்போது நடுவில் ஒரு ன் முளைக்கும்: உங்கா, உந்தா, உந்தன், புங்கா, புந்தா, புந்தன். ‘உந்தன்’ என்று கேட்டதும் நம் திரைப்பாட்டு ‘உந்தன்’ காதில் விழும். இங்கே அதற்கு ‘அவனிடமிருந்து’ என்று பொருள்.

கா என்பதும் கு என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகள் என்று அவர் அழைத்தவற்றோடு இணைத்துப் பார்த்தார். துருக்கிய மொழிகளும் அந்தக் கூட்டத்தில் அடங்கும். அப்படியொரு உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை. கற்பவருக்கு உதவும் ஒற்றுமை என்று வைத்துக்கொள்வோம், அதற்குமேல் வேண்டாம்.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் கைவிடும் இடங்களும்

முதலில் கைகொடுக்கும் இடம். ‘மெங்கா சோய் கெரக்’: எனக்குத் தேநீர் வேண்டும். ‘மெங்கா ஓஷ் யோக்காதி’: எனக்குப் புலாவ் பிடிக்கும். ‘மெங்கா’ இருக்குமிடத்தில் ‘மென்’ என்று போடத் தோன்றினால், ஆங்கிலம் வழியாக யோசிக்கிறீர்கள் என்று பொருள். தமிழ் வழியாக வாருங்கள். வாக்கியம் தானாக அமையும்.

செயப்படுபொருளிலும் அப்படியே. ‘தேநீர் குடித்தேன்’, ‘தேநீரைக் குடித்தேன்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உஸ்பெக்கில் ‘சோய் இச்திம்’, ‘சோய்-னி இச்திம்’. முதலாவது ஏதோ தேநீர். இரண்டாவது, பேச்சில் ஏற்கெனவே வந்த குறிப்பிட்ட தேநீர். ஐ போடுகிற இடத்தில் னி போட்டால் பெரும்பாலும் சரியாகவே வரும். மனிதரைக் குறிக்கும் சொல்லுக்கு நாம் பெரும்பாலும் ஐ போடுகிறோம். உஸ்பெக் அங்கேயும் குறிப்பிட்டவரா, யாரோ ஒருவரா என்றுதான் பார்க்கும். இது மட்டும் வேறுபாடு.

இனிக் கைவிடும் இடம். நாம் நாற்காலி‘யில்’ உட்காருகிறோம், பஸ்‘ஸில்’ ஏறுகிறோம். உஸ்பெக்காரர் நாற்காலி‘க்கு’ உட்காருவார், பஸ்‘ஸுக்கு’ ஏறுவார்: ‘ஸ்துல்-கா ஒத்திரிங்’, ‘அவ்தோபுஸ்-கா சிக்திம்’. இடம் மாறும் அசைவு இருந்தால் கா. அசைவில்லாமல் இருந்தால் தா. பஸ்ஸில் ஏறுவது கா, ஏறியபின் பயணம் செய்வது தா, இறங்குவது தன். ‘என்னைப் பாருங்கள்’ என்பதும் கா வாங்கும்: ‘மெங்கா கராங்’. பார்வையும் ஓரிடம் நோக்கிப் போவதுதானே.

நேரத்தில் நிலைமை தலைகீழ். நாம் ஐந்து மணி‘க்கு’ வருவோம். அவர்கள் ஐந்து மணி‘யில்’ வருவார்கள்: ‘ஸோஅத் பெஷ்-தா’.

‘தன்’ நாம் எதிர்பாராத சில வேலைகளைச் செய்கிறது. கேட்பது அதோடு: அக்காம்-தன் ஸொராதிம், அண்ணனிடம் கேட்டேன். பயப்படுவதும் அதோடு: இத்-தன் கொர்காமன், நாய்க்குப் பயப்படுகிறேன். ஒப்பிடுவதும் அதோடு: தோஷ்கெந்த் ஸமர்கந்த்-தன் கத்தா, தாஷ்கண்ட் சமர்கண்டைவிடப் பெரியது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். வேற்றுமையில் மனப்பாடம் செய்ய வேண்டியது பெரும்பாலும் இவ்வளவே.

உடைமை விகுதி

தமிழில் ‘என் புத்தகம்’ என்றால் ‘என்’ போதும். புத்தகம் சும்மா இருக்கும். உஸ்பெக்கில் யாருடையது என்ற செய்தி புத்தகத்தின் மேலேயே எழுதப்பட வேண்டும்.

கித்தோப்-இம்: என் புத்தகம்
கித்தோப்-இங்: உன் புத்தகம்
கித்தோப்-இ: அவன், அவள், அதன் புத்தகம்
கித்தோப்-இமிஸ்: எங்கள் அல்லது நம் புத்தகம்
கித்தோப்-இங்கிஸ்: உங்கள் புத்தகம்
கித்தோப்-லரி: அவர்கள் புத்தகம்

சேர்த்து வாசிக்கும்போது கித்தோபிம், கித்தோபிங், கித்தோபி என்று மென்மையாகும். முன்னால் ‘மெனிங்’ போட்டு ‘மெனிங் கித்தோபிம்’ என்று சொல்லலாம், அழுத்தம் வேண்டும் என்றால். விட்டுவிடவும் செய்யலாம். விகுதியை மட்டும் விடக்கூடாது.

சொல் உயிரில் முடிந்தால் இகரம் விழும். மூன்றாமிடத்தில் ‘ஸி’ வரும். ஓனா (தாய்): ஓனாம், ஓனாங், ஓனாஸி, ஓனாமிஸ், ஓனாங்கிஸ்.

உறவுப்பெயர்களில் இதைப் பழகுவதே நல்லது, ஏனென்றால் நமக்கு இது முற்றிலும் அந்நியம் அல்ல. சங்கத் தமிழில் என் தந்தை ‘எந்தை’, உன் தந்தை ‘நுந்தை’, அவன் தந்தை ‘தந்தை’. என் தாய் ‘யாய்’, உன் தாய் ‘ஞாய்’, அவள் தாய் ‘தாய்’. உறவுச்சொல்லுக்குள்ளேயே யாருடையது என்பது பொதிந்திருந்தது. நாம் தொலைத்துவிட்ட அந்தப் பழக்கத்தை, சொல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றி, எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் விரித்தால் உஸ்பெக் வந்துவிடும். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று மூத்தோர் இளையோர் பிரிவும் நம்முடையது போலவே: அக்கா, உக்கா, ஓப்பா, ஸிங்கில்.

ஸிங்கில் என்பதோடு ‘இம்’ சேர்த்தால் ‘ஸிங்கிலிம்’ அல்ல, ‘ஸிங்லிம்’. உடலுறுப்புகள் சிலவும் இப்படி நடு உயிரைத் தொலைக்கும்: புருன் (மூக்கு) புர்னிம் ஆகும், கோரின் (வயிறு) கோர்னிம் ஆகும். ‘ஷஹர்’ (நகரம்) ‘ஷஹ்ரி’ ஆகும். ‘தோஷ்கெந்த் ஷஹ்ரி’ என்று தாஷ்கண்டின் பலகைகளில் தினமும் பார்ப்பீர்கள். பெரிய பட்டியல் இல்லை, எதிர்ப்படும்போது கற்றுக்கொள்ளலாம்.

ககரத்தில் முடியும் நீண்ட சொற்கள் உடைமை விகுதிக்கு முன் மெலியும்: யுரக் (இதயம்), யுரகிம், எஷிக், எஷிகி, கிஷ்லோக், கிஷ்லோகி. ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் மெலியாது: யுக் (சுமை), யுக்கிம். அரபிலிருந்து வந்த சில சொற்களும் அசையாது: ஹுக்குக் (உரிமை), ஹுக்குக்கி.

உடம்பைப் பற்றிப் பேசும்போது இந்த விகுதி இல்லாமல் நகரவே முடியாது. நமக்குத் தலை வலிப்பது ‘எனக்கு’; அவர்களுக்கு வலிப்பது ‘என் தலை’: ‘போஷ்-இம் ஒக்ரியாப்தி’. மருத்துவ மாணவர்கள் ‘போஷிங்கிஸ் ஒக்ரியாப்திமி?’ (உங்களுக்குத் தலை வலிக்கிறதா?) என்ற கேள்வியை முதல் நாளே பழகிக்கொள்ளலாம். தலைக்குப் பதில் வயிறு, மூக்கு என்று மாற்றிக்கொண்டே போகலாம். பெயர் கேட்பதும் அப்படியே: ‘இஸ்ம்-இங்கிஸ் நிமா?’ உங்கள் பெயர் என்ன? முன்பின் தெரியாதவரிடம் எப்போதும் ‘இங்கிஸ்’. ‘இங்’ என்பது நம் ‘உன்’னைப் போல நெருங்கியவருக்கும் சிறுவருக்கும்.

அடிக்கடி தடுமாறும் இரண்டு இடங்கள். ஒன்று: கித்தோப்-னிங் ‘புத்தகத்தின்’, கித்தோபிங் ‘உன் புத்தகம்’. ஒரு ன் தான் வேறுபாடு. இரண்டையும் சேர்த்துக் கித்தோபிங்-னிங் என்றால் ‘உன் புத்தகத்தின்’. இன்னொன்று: தலபா-மன் என்றால் ‘நான் மாணவன்’, தலபா-ம் என்றால் ‘என் மாணவன்’. விடுதிக் காவலரிடம் இரண்டாவதைச் சொன்னால் உங்களைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நிற்பார்.

இரு முனையிலும் முடிச்சு

‘குழந்தையின் புத்தகம்’ என்று தமிழில் சொல்கிறோம். குழந்தைக்கு மட்டும் உருபு. உஸ்பெக் இரண்டு சொல்லையும் கட்டும்: ‘போலா-னிங் கித்தோப்-இ’. குழந்தையின், அதன் புத்தகம். தமிழர் செய்யும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான்: ‘போலானிங் கித்தோப்’ என்று பாதியில் நிறுத்திவிடுவோம். னிங் வாயிலிருந்து வந்த உடனே ‘இ அல்லது ஸி எங்கே?’ என்று தேடப் பழகுங்கள்.

சங்கிலி நீண்டாலும் விதி அதுவே: ‘அக்காம்-னிங் தொஸ்தி-னிங் உயி-தா’. என் அண்ணனின் நண்பனின் வீட்டில். ஒவ்வொரு னிங்குக்கும் அடுத்த சொல்லில் ஒரு இகரம் விடை சொல்கிறது. கடைசியில் வேற்றுமை.

இதில் ஒரு சலுகை உண்டு. ‘பிஸ்னிங்’ (எங்கள்), ‘ஸிஸ்னிங்’ (உங்கள்) முன்னால் வரும்போது பின்சொல்லில் விகுதியை விட்டுவிடுவார்கள்: ‘பிஸ்னிங் உய்’, எங்கள் வீடு. ‘மெனிங்’ வரும்போது இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது னிங்கை எடுத்துவிட்டு இகரத்தை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? ‘போலாலர் கித்தோபி’: குறிப்பிட்ட குழந்தைகளுடைய புத்தகம் அல்ல, ‘குழந்தைகள் புத்தகம்’ என்ற வகை. பெயர்களும் வகைகளும் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. தாஷ்கண்டின் பெரிய சந்தை ‘சோர்ஸு போஸோரி’, சமர்கண்டில் ‘ஸியோப் போஸோரி’. மொழியின் பெயர் ‘ஒஸ்பெக் திலி’, நாட்டின் பெயர் ‘ஒஸ்பெக்கிஸ்தோன் ரெஸ்புப்லிக்காஸி’. 1977இல் தொடங்கிய சுரங்க ரயில் ‘தோஷ்கெந்த் மெட்ரோஸி’. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் மறைந்த லால் பகதூர் சாஸ்திரியின் பெயரிலுள்ள தெரு ‘ஷாஸ்த்ரி கொச்சாஸி’. வேற்றுமையை உஸ்பெக்கில் ‘கெலிஷிக்’ என்பார்கள். ஆனால் பாடநூலில் இரண்டாம் வேற்றுமையின் பெயர் ‘துஷும் கெலிஷிகி’, ககரம் மெலிந்து இகரம் ஏறியிருக்கும்.

கிழமையும் இதே அச்சில்: ‘துஷன்பா குனி’, திங்கட்கிழமை அன்று. தனி உருபு வேண்டாம்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், எந்தப் பாடநூலைவிடவும் பயன் தரும். தெருவில் நடக்கும்போது பலகைகளை வாசித்து, கடைசி இகரத்தையும் ஸியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெறும் சொல் கிடைக்கும்: கொச்சா தெரு, போஸோர் சந்தை, தில் மொழி. அகராதியில் அந்த வெறும் சொல்தான் இருக்கும். இது தெரியாமல் ‘கொச்சாஸி’ என்று தேடிவிட்டு அகராதி சரியில்லை என்று குறைப்படுபவர்கள் பலர்.

எல்லா இரட்டைச் சொல்லுக்கும் இகரம் ஏறாது. எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லும்போது வேண்டாம்: ‘ஓல்தின் ஸோஅத்’, தங்கக் கடிகாரம். பண்புச்சொல் முன்னால் வந்தாலும் வேண்டாம்: ‘கத்தா உய்’, பெரிய வீடு. ‘ஆல் ஆன’, ‘ஆன’ என்று தமிழில் விரித்துப் பார்க்க முடிந்தால் இகரம் இல்லை.

என்னிடம் இருக்கிறதா, எனக்கு உண்டா?

உஸ்பெக்கில் ‘வைத்திருக்கிறேன்’ என்பதற்கு அன்றாட வினைச்சொல் தேவையில்லை. ‘போர்’ (உண்டு), ‘யொக்’ (இல்லை) இரண்டும் போதும். நம் ‘உண்டு, இல்லை’ போலவே இடம், பால் எதற்கும் மாறாது.

‘எனக்கு இரண்டு அண்ணன்கள் உண்டு’: ‘மெனிங் இக்கித்தா அக்காம் போர்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், என் இரண்டு அண்ணன் உண்டு. எண்ணுக்குப்பின் பன்மை விகுதி வராது என்பதையும் கவனியுங்கள். ‘எனக்கு நேரமில்லை’: ‘வக்த்-இம் யொக்’. ‘எனக்கு’ என்று நினைத்து மெங்கா போட்டுவிடுவீர்கள். இந்த இடத்தில் அது பொருந்தாது.

‘என்னிடம்’ வந்தால் தமிழ் மறுபடி உதவும்: ‘மெந்தா புல் யொக்’, இப்போது கையில் பணம் இல்லை. ‘புலிம் யொக்’ என்றால் எனக்குப் பணமே இல்லை என்ற நிலை. சந்தையில் முதலாவதே போதும்.

சந்தையில் ஸி

விகுதியின் இயல்பான வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் சோர்ஸு சந்தைக்குப் போங்கள். ‘கிலோ-ஸி நெச்சா புல்?’ கிலோ என்ன விலை? அங்கே குவிந்திருக்கும் தக்காளியின் கிலோ, ஆகவே ஸி. ‘நெச்சா புல்-தன்?’ என்று தன் போட்டுக் கேட்டால் ஒன்று என்ன விலை, கிலோ என்ன விலை என்று அலகு விலையைக் கேட்கிறீர்கள்.

பண்புச்சொல்லில் ஸி ஏறினால் ‘அவற்றில் உள்ளது’ என்று ஆகும். கத்தா பெரிய, கத்தாஸி பெரியது, இருப்பவற்றில். ‘கத்தாஸி-னி பெரிங்’: பெரியதைக் கொடுங்கள். ‘ஹம்மாஸி’ எல்லாமும். ‘பித்தாஸி’ அவற்றில் ஒன்று. நம் ‘பெரியது’, ‘மற்றது’ செய்கிற வேலையை ஸி செய்கிறது. இதைக் கையில் எடுத்துக்கொண்டால் பேச்சில் கற்றுக்குட்டி வாசனை குறைந்துவிடும்.

அடுக்கும் வரிசை

பெயர், பன்மை, உடைமை, வேற்றுமை. இந்த வரிசை மாறாது: கித்தோப்-லர்-இம்-தன், என் புத்தகங்களிலிருந்து; உய்-லர்-இமிஸ்-தா, எங்கள் வீடுகளில். ‘லர்’ நம் ‘கள்’ நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. உடைமை ஏறிய பெயர் செயப்படுபொருளாக வந்தால் னி தவறாமல் போடுங்கள்: ‘கித்தோபிம்-னி பெரிங்’, என் புத்தகத்தைக் கொடுங்கள்.

துருக்கியில் மூன்றாமிட விகுதிக்கும் வேற்றுமைக்கும் நடுவே ஒரு ன் நுழைந்து குழப்பும். அங்கே ‘எவிந்தே’ என்றால் அவன் வீட்டிலா, உன் வீட்டிலா என்று சூழலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உஸ்பெக்கில் ‘உயி-தா’ அவன் வீட்டில், ‘உயிங்-தா’ உன் வீட்டில். சிக்கலே இல்லை. உஸ்பெக் தரும் ஒரே குழப்பம் ‘கித்தோப்லரி’: அவனுடைய புத்தகங்கள், அவர்களுடைய புத்தகம், அவர்களுடைய புத்தகங்கள் என மூன்றும் அதுவே.

வரிசையை வேண்டுமென்றே மாற்றும் ஓர் இடம் உண்டு, மரியாதைக்காக. ‘அக்கா-லர்-இம்’ என் அண்ணன்மார். ‘அக்காம்-லர்’ ஒரே அண்ணன்தான், மதிப்போடு. ‘தாதாம்-லர் கெல்திலர்’: என் அப்பா வந்தார்கள். ஒருவருக்குப் பன்மை வினை போடுவதை நாம் விளக்கம் கேட்காமலே ஏற்றுக்கொள்வோம்.

மேலே, உள்ளே, பக்கத்தில்

தமிழில் ‘மேல்’, ‘உள்ளே’ சும்மா வரும். உஸ்பெக்கில் இவையும் பெயர்ச்சொற்கள். இகரமும் வேற்றுமையும் வாங்கும். மேசையின் மேல்: ‘ஸ்தோல்-னிங் உஸ்த்-இ-தா’, மேசையின் அதன் மேற்பக்கத்தில். உள்ளே ‘இச்சிதா’, அடியில் ‘தகிதா’, பின்னால் ‘ஓர்க்காஸிதா’, பக்கத்தில் ‘யோனிதா’. கடைசி உருபை மாற்றினால் திசை மாறும்: யோனிதா பக்கத்தில், யோனிகா பக்கத்துக்கு, யோனிதன் பக்கத்திலிருந்து. ஆளை மாற்றினால் விகுதி மாறும்: யோனிம்தா என் பக்கத்தில், யோனிங்கிஸ்தா உங்கள் பக்கத்தில். பேச்சில் னிங் பெரும்பாலும் உதிரும். டாக்சியில் ‘மெட்ரோ யோனிதா’ என்றால் மெட்ரோ பக்கத்தில் நிறுத்துவார்.

இன்னும் இரண்டு ஒட்டு

‘னிக்கி’ என்றால் உடையது: மெனிக்கி என்னுடையது, அக்காம்-னிக்கி என் அண்ணனுடையது. இதன்மேல் வேற்றுமையும் ஏறும். ‘பிஸ்னிக்கி-கா கெலிங்’ என்று யாராவது சொன்னால் ‘எங்களுடையதுக்கு வாருங்கள்’, அதாவது வீட்டுக்கு வரச்சொல்கிறார்.

‘தாகி’ என்றால் ‘இல் உள்ள’: ஸ்தோல்-தாகி கித்தோப், மேசையில் உள்ள புத்தகம். ‘மேசையில் புத்தகம்’ என்று வெறும் தா போட்டு அடையாக வைக்க முடியாது.

காதில் விழுவது

பாடநூலில் படித்தது தெருவில் அப்படியே கேட்காது. தாஷ்கண்ட் பேச்சில் னிங் தன் கடைசி ஒலியை இழந்து னி ஆகிவிடும்: ‘உனிங் கித்தோபி’ (அவன் புத்தகம்) என்பது ‘உனி கித்தோபி’ என்று விழும். அப்போது இரண்டாம் வேற்றுமையா ஆறாம் வேற்றுமையா என்று உருபைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த சொல்லில் இ அல்லது ஸி வந்தால் ஆறாம் வேற்றுமை. வினை வந்தால் இரண்டாம் வேற்றுமை. வல்லெழுத்துக்குப்பின் தா, தன் இரண்டும் வன்மையாக ஒலிக்கும். எழுத்தில் மாற்றம் இல்லை. நாட்டின் மேற்கிலுள்ள கோரஸ்ம் பக்கம் போனால் உயிர் இசைவு இன்னும் உயிரோடு இருப்பதையும் கேட்கலாம்.

நீங்கள் பேசும்போது னிங்கை முழுமையாகச் சொல்லுங்கள். தேர்வுத்தாளிலும் விண்ணப்பப் படிவத்திலும் னி எழுதினால் பிழையாகவே கொள்வார்கள். சந்தையில் முழு னிங் சொன்னதற்காக யாரும் விலையைக் கூட்டப்போவதில்லை.